டயர், வீல், மைலேஜ்: செட்டிநாட்டுக் கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் டயர், வீல் அலைன்மென்ட் தொழிலில் பல வருடமாக இருக்கிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், திருப்பத்தூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள், கார் ஜாக்கியில் ஏறி நிற்கிற நேரத்தில் கேட்கும் கேள்விகள் இவை. வேலை அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். எல்லாம் காருக்கு மட்டும்தான். பைக்குக் கணக்கு வேறு.

பெட்ரோல் குடிப்பது எஞ்சின். அதில் டயருக்கு என்ன சம்பந்தம்?

நின்றிருக்கும் காரின் டயரைக் குனிந்து பாருங்கள். தரையைத் தொடும் இடத்தில் பக்கவாட்டு ரப்பர் லேசாகப் பிதுங்கியிருக்கும். கார் ஓடும்போது இந்தப் பிதுக்கம் டயரைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. சின்னக் காரின் டயர் ஒரு கிலோமீட்டருக்கு 510 முறைக்கு மேல் சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் ஒருமுறை அமுங்கி ஒருமுறை நிமிர்கிறது. அமுக்கச் செலவான சக்தி முழுவதையும் நிமிரும்போது ரப்பர் திருப்பித் தருவதில்லை. மிச்சம் சூடாகப் போய்விடும். திருச்சி போய் இறங்கியதும் டயரைத் தொட்டால் சுடுகிறதே, அதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. அந்தச் சூட்டில் நீங்கள் போட்ட பெட்ரோலும் கொஞ்சம் இருக்கிறது. ரோலிங் ரெசிஸ்டன்ஸ், அதாவது உருளும்போது வரும் தடை, என்று டயர் கம்பெனிகள் சொல்வது இதைத்தான்.

வளவு வீட்டுக் கிணற்றில் உருளைக் கயிறு பிடித்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதன் அளவு சட்டென்று பிடிபடும். ஒரு டன் எடையுள்ள காரைச் சமதளத்தில் உருட்டிக்கொண்டே இருக்க, சாதாரண டயராக இருந்தால் 10 லிட்டர் தண்ணீர் நிறைந்த வாளியை இழுக்கும் அளவுக்கு விசை வேண்டும். நல்ல டயரென்றால் 7, 8 லிட்டர் வாளி. மோசமான டயரென்றால் 12 லிட்டர் வாளி. கார் நகர்கிற நேரமெல்லாம் எஞ்சின் இந்த வாளியை இழுத்துக்கொண்டே இருக்கிறது.

நல்ல டயர் போட்டால் எவ்வளவுதான் மிச்சமாகும்?

பெட்ரோலில் பெரும்பகுதி எஞ்சின் சூடாகவே வீணாகிவிடுகிறது. அதனால் டயரின் தடை 10 சதவீதம் குறைந்தால் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் கூடும், அவ்வளவுதான். "இந்த டயர் போட்டால் லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்த 1, 2 சதவீதத்தை டயரின் ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார், ஒரு செட் டயரில் 40,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். அதற்கு ஏறக்குறைய 2,670 லிட்டர் பெட்ரோல் வேண்டும். டயரின் தடை 20 சதவீதம் குறைந்து, அதனால் 3 சதவீதம் மிச்சமானால் 80 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 8,000 ரூபாய். ஒரு டயருக்கு 2,000 ரூபாய் என்று ஆகிறது. டயர் வாங்கும்போது 300, 400 ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நாங்கள் ஊருக்குள்தான் ஓட்டுகிறோம். எங்களுக்கும் இது பொருந்துமா?

உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு மளமளவென்று ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. டயரின் தடை அப்படி ஏறுவதில்லை. சின்னக் காரில் சுமார் 60 கிலோமீட்டர் வேகம் வரை டயரின் பங்குதான் பெரிது, அதற்கு மேல் காற்றின் பங்கு பெரிது. கோட்டையூர், கண்டனூர், புதுவயல், ஆத்தங்குடி என்று நம் கிராமச் சாலைகளில் 40, 50க்கு மேல் ஓட்ட இடம் கிடைப்பதில்லை. பூமியும் சமதளம், மலையேற்றம் கிடையாது. அதனால் டயரின் குணம் நன்றாகவே தெரியும்.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

பங்க்கில் பையன் "எவ்வளவுண்ணே?" என்பான், நாம் "35 வை தம்பி" என்போம். எந்தக் காராக இருந்தாலும் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). இந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம். அதில் பெரும்பாலும் இரண்டு வரிசை போட்டிருப்பார்கள். இரண்டு மூன்று பேர் போவதற்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று. குடும்பத்தோடு பிள்ளையார்பட்டி, குன்றக்குடி சுற்றும்போதும், டிக்கி நிறைய ஆத்தங்குடிக் கல் ஏற்றும்போதும் இரண்டாவது வரிசையைப் பார்க்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் 44, 51 என்று பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கு வைக்கச் சொன்ன அளவு அல்ல.

காலையில், கார் வெயில் படாமல் நிற்கும்போது பார்ப்பதுதான் சரி. பங்க் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் அங்கே போய்ப் பார்த்தாலும் பாதகமில்லை. டயருக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடானால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். சித்திரை வெயிலில் மதுரை வரை ஓட்டிப் போனால் 4 பிஎஸ்ஐ ஏறுவது சாதாரணம். அங்கே அளந்து, "அய்யோ 37 இருக்கே" என்று 33க்கு இறக்கினால், மறுநாள் காலை வீட்டில் பார்க்கும்போது 29தான் இருக்கும். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது.

காற்று குறைந்தால் மைலேஜ் பத்து சதவீதம் போகும் என்பார்கள். அது மிகை. நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் அளவுக்கு இறங்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 8 பிஎஸ்ஐ குறைவாக ஓட்டினால் ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பெட்ரோலை விடப் பெரிய நஷ்டம் டயரில்தான். இரண்டு ஓரமும் சீக்கிரம் தேயும், பக்கவாட்டு ரப்பர் சூடாகிக்கொண்டே போகும். கோடையில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

அதிகமாக வைத்தால் மைலேஜ் கூடுமே என்று கேட்கலாம். இம்மியளவு கூடும். ஆனால் நடுப்பகுதி மட்டும் தேயும், பிரேக் பிடிக்கும்போது ரோட்டில் ஒட்டும் பரப்பு குறையும், பள்ளத்தில் விழும் அடி நேராக சஸ்பென்ஷனுக்குப் போகும். ஸ்டிக்கரில் இருப்பதற்கு மேல் ஒன்று, இரண்டு வரை பரவாயில்லை. அதற்கு மேல் வேண்டாம்.

சில நூறு ரூபாயில் காற்றழுத்தம் அளக்கும் கையளவு கேஜ் கிடைக்கிறது. வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். பங்க் மெஷின்கள் ஒன்றுக்கொன்று மாற்றிக் காட்டுவதை நானே அளந்து பார்த்திருக்கிறேன்.

நைட்ரஜன் அடித்தால்?

நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் நேரடியாக மைலேஜைக் கூட்டாது. கொஞ்சம் மெதுவாகக் கசியும், அதனால் காற்று பார்க்க மறக்கிறவர்களுக்கு அளவு சற்று நாள் நிற்கும். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து அடிப்பதை விட, மாதம் இரண்டு முறை சாதாரணக் காற்றைச் சரிபார்ப்பது மேல்.

புது டயர் போட்டேன். மைலேஜ் குறைந்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

இந்தக் கேள்வியோடு முகம் வாடி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஏமாறவில்லை. இதில் இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது மீட்டர். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித்தான் அது கிலோமீட்டர் காட்டுகிறது. புது டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படும் பள்ளமேடான ரப்பர், சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயவிடக் கூடாது. அந்த அளவுக்குத் தேய்ந்த டயரின் விட்டம், புதிதை விட 13 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறியது. 620 மில்லிமீட்டரில் அது 2 சதவீதம். சின்ன டயர் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும், மீட்டரும் கூட்டிக் காட்டும். 90 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 92 என்று காட்டியிருக்கும். நீங்கள் இத்தனை நாள் கண்ட மைலேஜில் அந்த 2 சதவீதம் காகிதத்தில் மட்டும் இருந்தது.

இரண்டாவது ரப்பர். தேய்ந்த டயரில் அமுங்கி நிமிர ரப்பர் குறைவு. அதனால் அது உண்மையிலேயே லேசாக உருளும். புது டயரில் கெட்டியான பட்டன் இருப்பதால் தடை கூடும். தேயத் தேயக் குறையும்.

இரண்டையும் சேர்த்தால், 15 காட்டிய கார் 14.4 காட்டுவது இயல்பு. அதற்காக மொட்டை டயரில் ஓட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐப்பசி அடைமழையில் கண்மாய்க் கரை ரோட்டில் பிரேக் அடிக்கும்போது, தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது அந்தப் பட்டன் பள்ளங்கள்தான்.

மைலேஜைச் சரியாக எப்படிப் பார்ப்பது?

ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். பம்ப் முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் தட்டித் தட்டி ஊற்றச் சொல்லாதீர்கள். 300 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டிவிட்டு, மறுபடி அதே போல் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். இரண்டு மூன்று டேங்க் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். ஏசி, கூட்டம், காற்றடிக்கும் திசை எல்லாம் ஒரு டேங்க் கணக்கை எளிதாகக் கலைத்துவிடும்.

கம்பெனி டயரை எடுத்துவிட்டு அகலமான டயர், பெரிய அலாய் வீல் (அலுமினியக் கலவைச் சக்கரம்) போடலாமா?

கார் அழகாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைப் பையன்கள் இதற்காகவே வருவார்கள். அப்படி ஒரு தம்பி 14 அங்குலத்திலிருந்து 16க்கு மாறினார், டயரும் அகலம். மூன்று மாதம் கழித்து வந்து, "அண்ணே, மைலேஜும் இறங்கிடுச்சு, வண்டி இழுக்கவும் மாட்டேங்குது" என்றார். எஞ்சினில் கோளாறு இல்லை.

முதலில் டயரில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 165/80 ஆர்14 என்றால் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அகலத்தில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். கணக்குப் போட்டால் முழு விட்டம் 620 மில்லிமீட்டர் வரும். 185/65 ஆர்15 போட்டாலும் 621தான். 195/55 ஆர்16 போட்டாலும் 621தான். ரிம் பெரிதாகும்போது பக்கவாட்டு ரப்பர் குறைகிறது, மொத்த உயரம் மாறுவதில்லை. ஒரே மாடலின் விலை குறைந்த வகையில் 14, விலை கூடிய வகையில் 15 என்று கம்பெனியே கொடுப்பது இப்படித்தான். இந்த விட்டம் பிசகினால் மீட்டர் பொய் சொல்லும். 205/55 ஆர்16 போட்டால் விட்டம் 632 ஆகிவிடும், மீட்டர் 2 சதவீதம் குறைத்துக் காட்டும். அந்தத் தம்பி போட்டிருந்தது இதே அளவுதான். மைலேஜ் இறக்கத்தில் ஒரு பங்கு மீட்டரால் வந்தது, மற்றது நிஜம்.

அந்த நிஜ இறக்கம் எங்கிருந்து வருகிறது? அகல டயர் முன்னால் அதிகக் காற்றைத் தள்ளுகிறது. அப்படிப்பட்ட டயர்கள் பெரும்பாலும் பிடிப்புக்காகச் செய்யப்பட்டவை, ரப்பர் அதிகச் சக்தியை விழுங்கும். எடையும் கூடும். சுழலும் பாகத்தின் ஓரத்தில் ஏறும் ஒரு கிலோ, கார் வேகமெடுக்கும்போது சீட்டில் ஏறும் ஒரு கிலோவை விட அதிகமாக, இரண்டு கிலோவை நெருங்கிக்கூட, எஞ்சினை இழுக்கும். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகும்போது இது தெரியாது. செக்காலை ரோட்டில் நின்று நின்று கிளம்பும்போது தெரியும்.

நம் பழைய மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். ஆள் நெஞ்சளவு உயரம், அகலமோ மூன்று விரல். இழுக்கிற மாட்டுக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்று ஆசாரிகள் செய்தது. பிஎம்டபிள்யூ தன் ஐ3 எலெக்ட்ரிக் காருக்கு 155/70 ஆர்19 என்று உயரமும் ஒடுக்கமுமான டயர் கொடுத்ததும் அதே எண்ணத்தில்தான். உயரமான சக்கரம் மைலேஜுக்கு எதிரியல்ல. அகலமும் எடையும்தான்.

என் கருத்தைக் கேட்டால், கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுகளுக்குள் மட்டும் மாற்றுங்கள்.

அலாய் வீல் லேசானது, அதனால் மைலேஜ் கூடும் என்கிறார்களே?

லேசாக இருந்தால் கூடும், ஆனால் எல்லா அலாயும் லேசல்ல. வார்ப்பு முறையில் செய்த மலிவான அலாய், அதே அளவு இரும்பு டிஸ்க்கின் எடைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருப்பதை எங்கள் தராசிலேயே பார்த்திருக்கிறேன். வாங்கும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, டிஸ்க் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் பள்ளத்தில் விழுந்து விரிசல் விட்டால் அதை ஓட்டத்தில் நம்ப முடியாது.

அலைன்மென்ட் மைலேஜைப் பாதிக்குமா?

நேராகப் பாதிக்கும். முன் சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். உள்பக்கமோ வெளிப்பக்கமோ கொஞ்சம் திரும்பியிருந்தால், டயர் உருளுவதோடு பக்கவாட்டிலும் இழுபட்டுக்கொண்டே போகும். அந்த இழுப்புக்கும் பெட்ரோல் செலவாகிறது.

மெஷின் இல்லாமலே ஓரளவு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். எங்கள் கடையில் வேலை கற்கும் பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான். ஸ்டியரிங்கை முழுசாக ஒரு பக்கம் திருப்பி, முன் டயரின் பட்டன் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வெளியே ஒருமுறை தடவுங்கள். அப்புறம் வெளியிலிருந்து உள்ளே. ஒரு பக்கம் வழுவழுவென்றும், மறுபக்கம் ரம்பப் பல் போலக் கையில் இடறியும் வந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத் தடவுங்கள்.

8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை இடம் மாற்றி, அப்போதே அலைன்மென்ட் பாருங்கள். பெரிய பள்ளத்தில் இறங்கியிருந்தால் கிலோமீட்டர் பார்க்க வேண்டாம், உடனே வந்துவிடுங்கள். பேலன்சிங் வேறு வேலை. அது ஸ்டியரிங் நடுக்கத்துக்கு, மைலேஜில் பெரிய வித்தியாசம் தராது.

ஊர் வீட்டில் கார் மாதக்கணக்கில் நிற்கிறது. டயர் என்ன ஆகும்?

சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, கோயில் காரியத்துக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஊருக்கு வருகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். வந்த அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து.

நல்ல டயரிலேயே மாதம் ஒன்று, இரண்டு பிஎஸ்ஐ தானாகக் குறையும். ஆறு மாதம் நின்றால் பத்து பிஎஸ்ஐ வரை போயிருக்கலாம். ஒரே இடத்தில் எடை தாங்கி நிற்பதால், தரையில் படும் பகுதி தட்டையாகிவிடும். ஓட்டினால் தடதடவென்று அதிரும். சில வாரம் நின்றதென்றால் 15, 20 கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் சரியாகிவிடும். ஆண்டுக்கணக்கில் நின்றதென்றால் சரியாகாது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடமோ ஆச்சியிடமோ சொல்லி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரை அரைச் சக்கரமாவது முன்னே பின்னே நகர்த்தச் சொல்லுங்கள். நிறுத்தும்போது காற்றை மூன்று, நான்கு பிஎஸ்ஐ கூட்டி வையுங்கள். எடுத்து ஓட்டும் முன் பழைய அளவுக்கு இறக்க வேண்டும். வெயில் படாத ஷெட் நல்லது.

பட்டன் புதிது போல இருக்கிறதே என்று பார்த்தும் ஏமாறக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால், பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் விரலால் மடித்துப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியதை, எப்படி இருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

ஜீப் மாதிரி வண்டிக்குக் கரடுமுரடு டயர் போடலாமா?

வயலுக்குள்ளும் சேற்றிலும் தினமும் இறங்குகிறவருக்கு வேண்டும். நம் பூமி செம்மண்ணும் சரளையும். மழைக்காலம் போக மீதி நாளெல்லாம் சாதாரண டயரே போதும். கட்டை கட்டையான பட்டன் கனமாக இருக்கும், தார் ரோட்டில் இரைச்சல் போடும், டீசலையும் குடிக்கும்.

கடையில் நல்ல டயரை எப்படி அடையாளம் காண்பது?

பிராண்டை மட்டும் கேட்காதீர்கள், மாடலைக் கேளுங்கள். ஒரே கம்பெனியில் மைலேஜுக்கு ஒன்று, பிடிப்புக்கு ஒன்று, நெடுநாள் உழைப்புக்கு ஒன்று என்று இருக்கும். ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டும் அதே பிஇஇ நிறுவனம் டயருக்கும் நட்சத்திரம் கொடுக்கிறது. ஒட்டியிருந்தால் பாருங்கள், நட்சத்திரம் கூடினால் எரிபொருள் மிச்சம் அதிகம். மத்திய அரசும் 2022 ஜூனில் விதியைத் திருத்தி, உருளும் தடை, ஈரத்தில் பிடிப்பு, ஓடும் சத்தம் மூன்றுக்கும் வரம்பு கொண்டுவந்தது. ஏஐஎஸ் 142 என்பது அந்தத் தரத்தின் பெயர்.

மைலேஜ் டயர் மழையில் வழுக்கும் என்கிறார்களே?

ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. சக்தியை விழுங்காத ரப்பர் ரோட்டையும் சரியாகப் பிடிக்காது. 1990களில் மிச்லின் கம்பெனி ரப்பரில் கரிக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா சேர்த்து, இரண்டும் ஓரளவு சேர்ந்து கிடைக்க வழி செய்தது. இன்று நல்ல கம்பெனிகள் எல்லாம் சிலிக்கா கலக்கிறார்கள். ஆனாலும் மிக மலிவான டயரில் இந்தப் பிரச்சினை இருக்கிறது. மைலேஜா, மழைப் பிடிப்பா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பை எடுங்கள். இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் புதிதைப் பின்னால் போடுங்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் காரைத் திருப்பிப் பிடிப்பது கடினம்.

எலெக்ட்ரிக் காருக்கும் இதே கணக்குதானா?

அங்கே டயருக்கு இன்னும் மதிப்பு அதிகம். பெட்ரோல் எஞ்சின் போல மோட்டார் சக்தியைச் சூடாக வீணாக்குவதில்லை. அதனால் மொத்தச் செலவில் டயர் எடுக்கும் பங்கு பெரிதாகத் தெரியும். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற சிக்ரி நம் ஊரிலேயே இருப்பதாலோ என்னவோ, எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர்கள் பேட்டரியைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள், டயரைப் பற்றிக் கேட்பதில்லை. இந்தக் கார்கள் எடை கூடியவை. அதனால் டயரில் அளவுக்குப் பக்கத்தில் உள்ள 88, 91 போன்ற லோடு எண் (டயர் தாங்கும் எடைக்கான எண்) கம்பெனி கொடுத்ததற்குக் குறையக் கூடாது. தேய்ந்து மாற்றும்போது, விலை குறைவு என்று ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு, ஒரு சார்ஜில் திருச்சி போய்த் திரும்பிய கார் இப்போது திரும்பும் வழியில் திருமயம் தாண்டும்போதே சார்ஜ் போடச் சொல்கிறது என்று வந்தால், பேட்டரியைச் சந்தேகப்படும் முன் டயரையும் காற்றையும் பார்ப்பேன்.